அறிந்து கொள்வது எதற்காக?

மனிதர்களுக்குள் நிறமும் மொழியும் குலமும் ஏன் வேறுபட்டிருக்கின்றன? எல்லோரையும் ஒரே மொழி பேசுபவர்களாக, ஒரே வழக்கம் உடையவர்களாகப் படைத்திருக்க அல்லாஹுத்தஆலாவால் இயலாதா? நிச்சயமாக இயலும். ஆயினும் அவன் அவ்வாறு நாடவில்லை. ஸூரத்துர் ரூமில், வானங்களையும் பூமியையும் படைத்ததோடு சேர்த்து, மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அவன் எடுத்துக் காட்டுகின்றான். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13-ஆம் வசனத்திலோ இந்த வேற்றுமையின் நோக்கத்தையே தெளிவுபடுத்தி விடுகின்றான். மக்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டிருப்பது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகத்தான். அல்லாஹ்விடத்தில் மேன்மை பெறுபவர் தக்வாவில் மிக்கவரே என்பது அவ்வசனத்தின் கருத்தாகும்.

மீலாது மேடைகளிலும் திருமண மஜ்லிஸ்களிலும் இவ்வசனத்தைக் கேட்கும்போது நாம் மகிழ்ச்சியோடு தலையசைக்கிறோம். பிறகு வீடு திரும்பி விடுகிறோம். "அறிந்து கொள்வது" என்றால் என்ன என்று நின்று நிதானித்து நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெயரைத் தெரிந்து கொள்வதுதான் அறிதலா? மொழியைக் கற்பதா? ஒரு சமூகத்தை நன்கு அறிந்து கொண்ட பின்னும் அதற்குத் தீங்கு செய்தவர்கள் உலகில் இல்லையா? அப்படியானால் அறிவது மட்டும் போதுமா?

இக்கேள்விகளுக்கு விடை காணத் தென்கிழக்காசிய நாடுகளை நோக்குவது நமக்குப் பயன் தரும். மொழியாலும் இனத்தாலும் இவ்வளவு பிரிவுகள் கொண்ட நிலப்பகுதிகள் உலகில் மிகச் சிலவே. அன்றியும், நம் முன்னோர்கள் மரக்கலமேறிச் சென்று வாணிபம் செய்த நாடுகள் அவை. அந்நாட்டு மக்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதைப் பார்ப்போம்.

ஒரு கிப்லா, பல மொழிகள்

முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடு எது என்று கேட்டால், இந்தோனேசியா என்று நம் பிள்ளைகளும் சொல்லி விடுவார்கள். ஆனால், அந்த ஒரு நாட்டில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 1,300-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் பதிவாயின. ஜாவானியர் வேறு, சுந்தானியர் வேறு, அச்சே மக்கள் வேறு, சுலாவெசித் தீவின் பூகிஸ் மக்கள் வேறு. பிலிப்பைன்ஸின் தென்பகுதியில் மகிந்தனாவோ, மரனாவோ, தௌசுக் முதலிய முஸ்லிம் இனங்கள் தனித்தனி மொழிகளுடன் வாழ்கின்றன. தாய்லாந்தின் தெற்கே பட்டானியில் மலாய் பேசும் முஸ்லிம்கள் இருக்கின்றனர். கம்போடியாவிலும் வியத்நாமிலும் சாம் என்ற இனத்தார் இருக்கின்றனர்.

இவர்கள் அனைவரும் நமக்கு முற்றிலும் அந்நியரா? இல்லை. இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ சென்ற ஒருவர் சுமத்திராவின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஸுப்ஹு தொழ நின்றால், இரண்டாவது ரக்அத்தில் குனூத் ஓதப்படும்போது தம் சொந்த ஊரில் நிற்பது போலவே உணர்வார். மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் இயற்றிய 'ஃபத்ஹுல் முஈன்' நம் ஷாபிஈ மதரஸாக்களில் ஓதப்படுவது போன்றே ஜாவாவின் மதரஸாக்களிலும் ஓதப்படுகிறது. நாம் அரபு எழுத்துக்களோடு சில புதிய எழுத்துக்களைச் சேர்த்துத் தமிழை எழுதி அதனை அரபுத் தமிழ் என்றோம். அவர்களும் அவ்வாறே சில எழுத்துக்களைச் சேர்த்து மலாயை எழுதி அதனை ஜாவி என்றனர். ஒரே மழை இரு நிலங்களில் பெய்து, அந்தந்த மண்ணுக்கேற்ற பயிரை விளைத்தது போன்றது இது.

மூன்று வசனங்களின் வரிசை

இனி நாம் கேட்ட கேள்விக்கு வருவோம். 'அறிதல்' என்பதன் பொருள் யாது? ஸூரத்துல் ஹுஜுராத்தின் வரிசையைக் கவனித்தாலே இதற்கு விடை கிடைக்கிறது.

11-ஆம் வசனத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதும், குறை கூறுவதும், பட்டப் பெயர் சூட்டி அழைப்பதும் விலக்கப்படுகின்றன. 12-ஆம் வசனத்தில் தீய எண்ணமும், பிறரைத் துருவித் துருவி ஆராய்வதும், புறம் பேசுவதும் விலக்கப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் பின்னர்தான் 13-ஆம் வசனத்தில் ஒருவரையொருவர் அறிந்து கொள்வது பேசப்படுகிறது. அவ்வசனமும் தக்வாவைக் கொண்டுதான் நிறைவு பெறுகிறது.

இவ்வரிசையிலிருந்து நாம் விளங்கிக் கொள்வது என்ன? பரிகாசத்தோடு அறிவது அறிதலாகாது. துருவி ஆராய்ந்து அறிவதும் அறிதலாகாது. இவ்விரண்டையும் விலக்கி விட்டு, அல்லாஹ்வின் அச்சத்தோடு அறிவதுதான் அவன் நாடிய அறிதல். இம்மூன்று வகைக்கும் தென்கிழக்காசிய வரலாற்றில் சான்றுகள் இருக்கின்றன.

பெயரிலே தொடங்கும் அநீதி

முதலில் பட்டப் பெயரை எடுத்துக் கொள்வோம். இதன் கசப்பை நாமே அறிவோம். தென்னிந்தியரை மலாய் நாட்டில் 'கிளிங்' என்று அழைத்தனர். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல்லில் முற்காலத்தில் இழிவு எதுவும் இல்லை. 1801-இல் பினாங்கில் தோன்றிய பெரிய பள்ளிவாசலுக்கே, அதை எழுப்பிய நம்மவர் தலைவரின் பட்டத்தையொட்டிக் 'கப்பித்தான் கிளிங்' பள்ளி என்ற பெயர் நிலைத்து விட்டது. ஆனால், காலப்போக்கில் அதே சொல் ஏளனச் சொல்லாயிற்று. சொல் மாறவில்லை, சொல்பவர்களின் உள்ளம் மாறியது. நம்மை அப்படி அழைத்தபோது நமக்கு வலித்தது என்றால், நாம் பிறரை அவர்களுடைய மூக்கையும் நிறத்தையும் பேச்சையும் கொண்டு பெயரிட்டு அழைத்தபோது அவர்களுக்கும் வலித்திருக்கும் அல்லவா?

ஒருவரை அவருடைய தாயின் இனத்தைக் கொண்டு இழித்துப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை நோக்கி, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் தன்மை இருக்கிறது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதர் (ரலி) அவர்களோ இஸ்லாத்தைத் தழுவியவர்களுள் முந்தியவர். துறவு வாழ்வில் சிறந்தவர். அத்தகையவருக்கே இந்தக் கண்டனம் என்றால் நம் நிலை என்ன?

பட்டப் பெயர் சிறு விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். பர்மாவில் 1982-இல் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம் நாட்டின் மக்களை இனவாரியாகப் பிரித்து நோக்கியது. 135 இனங்களை அந்நாட்டு அரசாங்கம் அங்கீகரித்தது. அந்தப் பட்டியலில் ரோஹிங்கியா என்ற பெயர் இல்லை. அம்மக்கள் தங்களுக்கு இட்டுக் கொண்ட பெயர் மறுக்கப்பட்டு, அவர்கள் வேற்று நாட்டுப் பெயரால் அழைக்கப்பட்டனர். பெயர் போனது, அதைத் தொடர்ந்து குடியுரிமை போனது, இறுதியில் வீடும் போனது. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை கடந்து வங்காள தேசத்தில் தஞ்சம் புகுந்தனர்.

கம்போடியாவின் சாம் மக்களுடைய கதை இன்னும் கொடியது. 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியினர் நாட்டில் வேற்றுமையே இருக்கக் கூடாது என்றனர். சாம் மொழி பேசத் தடை; தொழத் தடை; குர்ஆன் பிரதிகள் திரட்டப்பட்டு அழிக்கப்பட்டன; பெண்களின் கூந்தல் வெட்டப்பட்டது; ஹராமான மாமிசத்தை உண்ணுமாறு வற்புறுத்தினர். கிராமங்கள் சிதறடிக்கப்பட்டு, மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2018-இல், அவ்வாட்சியின் முக்கியத் தலைவர்களுள் ஒருவரான நுவோன் சியா, சாம் மக்களை இனப்படுகொலை செய்த குற்றத்திற்காகவும் தண்டிக்கப்பட்டார். மொழியையும் நிறத்தையும் அல்லாஹ் தன் அத்தாட்சி என்கின்றான். மொழியை அழிக்கப் புறப்பட்டவர்கள் யாருடைய அத்தாட்சியோடு போராடினார்கள் என்பதைச் சிந்திப்பவர் சிந்திக்கட்டும்.

அறிந்தும் தீங்கு செய்தவர்

இரண்டாவது வகையைப் பார்ப்போம். டச்சு நாட்டைச் சேர்ந்த ஸ்னூக் ஹுர்குரோஞ்சே என்பவர் அரபு மொழியில் தேர்ந்த அறிஞர். அப்துல் கஃப்பார் என்ற பெயர் பூண்டு, 1885-இல் மக்காவுக்குள் சென்று சில மாதங்கள் தங்கினார். அங்கு 'ஜாவா' என்று பொதுப் பெயரால் அழைக்கப்பட்ட தென்கிழக்காசிய முஸ்லிம்களுடன் நெருங்கிப் பழகினார். அவர்களுடைய உலமாக்கள் யார், எந்தக் கிதாபுகளை ஓதுகின்றனர், எவர் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றனர் என்பன யாவும் அவருக்குத் தெரிந்திருந்தன. பின்னர் டச்சு அரசாங்கத்தின் ஆலோசகராக அச்சேக்குச் சென்றார். 1873-இல் தொடங்கிய போரில் அச்சே மக்களை டச்சுக்காரர்கள் வெல்ல முடியாமல் திணறிக் கொண்டிருந்த காலம் அது. அம்மக்களின் வழக்கங்களைப் பற்றி 1893-94-இல் அவர் எழுதி வெளியிட்ட பெருநூலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் போற்றுகின்றனர். அதே அறிவைக் கொண்டுதான், எதிர்த்து நிற்கும் உலமாக்களை ஒடுக்குங்கள், குறுநிலத் தலைவர்களை உங்கள் பக்கம் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று அவர் யோசனை கூறினார். 1903-இல் அச்சே சுல்தான் பணிந்தார்.

அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஆனால், அவருடைய அறிவைப் பற்றி நமக்கு ஐயமில்லை. அச்சே மக்களை அவரளவு அறிந்த வெளியார் அக்காலத்தில் வேறு எவருமில்லை எனலாம். இருப்பினும், அந்த அறிதலை அல்லாஹ் கூறும் அறிதல் என்று நாம் சொல்ல முடியுமா? 12-ஆம் வசனம் விலக்கிய துருவி ஆராய்தலுக்கும் 13-ஆம் வசனம் விரும்பிய அறிதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. செய்தி எவ்வளவு சேர்ந்தது என்பதில் அந்த வேறுபாடு இல்லை. சேர்த்த செய்தி யாருக்காகப் பயன்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மினாங்கபாவ் தரும் படிப்பினை

மூன்றாவது வகைக்குச் சுமத்திராவின் மேற்குப் பகுதியில் வாழும் மினாங்கபாவ் மக்களைக் காண்போம். இஸ்லாத்தில் உறுதி மிக்க இச்சமூகத்தில் குலம் தாய்வழியாக எண்ணப்படுகிறது. பரம்பரை வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. குடும்ப விவகாரங்களைத் தாயின் சகோதரர் கவனிக்கிறார். அவரை அவர்கள் 'மாமக்' என்கின்றனர். நமக்கு 'மாமா' என்ற சொல் நினைவுக்கு வருகிறது அல்லவா?

இதைக் கேட்டதும் நம்மில் சிலர், இது என்ன மார்க்கம் என்று புருவத்தை உயர்த்துவர். சற்றுப் பொறுங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் ஊர்களிலும் மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதும், வீடு பெண்மக்களுக்கே வழங்கப்படுவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கமன்றோ? வேறு ஊரார் நம்மைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால் நாம் என்ன சொல்வோம்? "எங்களை முழுமையாக அறிந்து கொண்டு பேசுங்கள்" என்போம். அதே உரிமை அவர்களுக்கும் உண்டு.

அதற்காக வழக்கம் எதுவாயினும் சரியென்று விட்டுவிட முடியுமா? அதுவும் முடியாது. இந்தக் கேள்விக்காக மினாங்கபாவ் மக்களே இரத்தம் சிந்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சூதாட்டம், கோழிச்சண்டை, மது முதலியவற்றை ஒழிக்கப் 'பாத்ரி' என்ற சீர்திருத்தக் கூட்டத்தார் கிளம்பினர். நோக்கம் நல்லது, ஆனால் வாளும் நெருப்பும் வழிமுறைகளாயின. அஞ்சிய வழக்கத் தலைவர்கள் 1821-இல் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்து, தங்கள் நாட்டின் கதவை அந்நியருக்குத் திறந்து விட்டனர். பாத்ரிகளின் தலைவர்களுள் ஒருவரான துவான்கு இமாம் போஞ்சோல் அவர்கள் மக்காவுக்கு ஆளனுப்பி விளக்கம் பெற்ற பின்னர், தம் தரப்பாரின் வரம்பு மீறலை உணர்ந்து, பறித்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்து, வழக்கத் தலைவர்களுடன் சமாதானம் செய்து கொண்டார். ஆனால் காலம் கடந்து விட்டது. 1837-இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. நாடு கடத்தப்பட்ட அவர் 1864-இல் சுலாவெசியில் மறைந்தார்.

தவறு செய்தோம் என்று கண்டதும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு எத்தனை தலைவர்களுக்கு வரும்? தக்வா என்பது இதுவேயாகும்.

பின்னர் அதே மண்ணில் பிறந்து மக்காவில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாகத் திகழ்ந்த அஹ்மது கதீப் (ரஹ்) அவர்கள், சொந்தப் பிள்ளைகள் இருக்கச் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துச் செல்லும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்கள். விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில், 1952-இல் புக்கிட்டிங்கி நகரில் உலமாக்களும் வழக்கத் தலைவர்களும் அறிஞர்களும் ஒன்று கூடினர். தலைமுறை தலைமுறையாக வரும் குலச் சொத்து வழக்கப்படி இருக்கட்டும்; ஒருவர் தாமே உழைத்துத் தேடிய பொருள் ஃபராயிள் சட்டப்படி பங்கிடப்பட வேண்டும் என்று முடிவு கண்டனர். குலச் சொத்து எந்தத் தனி மனிதருக்கும் உரிமையானதன்று. அது வக்ஃபு போன்றது என்பது அங்குள்ள உலமாக்கள் சிலர் கூறிய காரணம்.

இம்முடிவின் ஒவ்வொரு பகுதியும் சரியா என்று விவாதிப்பது ஆலிம்களின் பணி. நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் சென்ற பாதையை. வழக்கத்தை அறியாமல் அதை எரிக்கப் போனபோது நாடு பறிபோயிற்று. வழக்கத்தை அறிந்து, அதில் எது ஷரீஅத்தோடு மோதுகிறது, எது மோதவில்லை என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது வழி பிறந்தது.

பெரியவர் விட்டுக் கொடுத்தல்

இங்கு இன்னொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். அது மார்க்கக் கூட்டமன்று. ஆயினும் அதில் நமக்குப் பாடமுண்டு. 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 28-இல், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் பல தீவுகளின் இளைஞர்கள் கூடி, தங்கள் பொதுமொழி எதுவென்று உறுதி எடுத்துக் கொண்டனர். அந்நாட்டில் ஜாவானியரே மிகப் பெரிய இனம். இன்றும் மக்கள் தொகையில் சுமார் நூற்றுக்கு நாற்பது பேர் அவர்கள்தாம். அவர்களுடைய மொழி இலக்கிய வளமுடையது. ஆயினும் ஜாவானிய மொழி தேர்ந்தெடுக்கப்படவில்லை. சிறு தொகையினரின் தாய்மொழியும், துறைமுகங்கள்தோறும் எல்லோரும் பேசிப் பழகியதுமான மலாயே 'இந்தோனேசிய மொழி' என்ற பெயரோடு பொதுமொழியாயிற்று. ஜாவானியரும் அதனை ஏற்றனர்.

ஒருவரையொருவர் அறிய வேண்டுமானால் யாராவது ஒருவர் முதலில் எழுந்து எதிரே வர வேண்டும். வலியவர் எழுந்து வருவதே அழகு. எண்ணிக்கையில் சிறியவன்தான் எப்போதும் பெரியவனின் மொழியையும் மனத்தையும் கற்றுக் கொண்டிருக்க வேண்டும் என்பது நீதியாகாது.

நம் வீட்டுக் கணக்கு

கடல் கடந்த நாடுகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் மலாய்ப் பெண்களை நிக்காஹ் செய்து பெற்ற சந்ததியினர் 'ஜாவி பெரானாக்கான்' எனப்பட்டனர். அவர்கள் நடத்திய அதே பெயருடைய பத்திரிகைதான், 1876-இல் சிங்கப்பூரில் தோன்றிய முதல் மலாய் மொழிப் பத்திரிகை. மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ்வின் கொள்ளுப் பாட்டனார் ஒருவர் யமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவர். இவர்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம்.

ஆனால், பெயர் பெறாத பிள்ளைகளும் உண்டு. சபராளியாகச் சென்ற நம் முன்னோர்களுள் பலர் அங்கும் ஒரு குடும்பம், இங்கும் ஒரு குடும்பமாக வாழ்ந்தனர். சிலர் இரண்டையும் நேர்மையாகப் பேணினர். வேறு சிலர், கடைசிப் பிரயாணத்தில் ஊருக்குத் திரும்பிய பின் அங்குள்ளவர்களை மறந்து போயினர். அவர் மறந்தார், இங்குள்ளவர்களோ நினைக்கவே விரும்பவில்லை. "அது மலாய்க்காரி பிள்ளை" என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிக்கப்பட்டது.

மார்க்கத்தில் அந்தக் கணக்கு முடியுமா? ஃபராயிள் சட்டத்தில் தாயின் மொழிக்கு இடமில்லை. ஒரு மனிதர் முறைப்படி நிக்காஹ் செய்த இரு மனைவியரையும் பிள்ளைகளையும் விட்டு மரணித்தால், இரு மனைவியரும் எட்டில் ஒரு பங்கைச் சமமாகப் பகிர்ந்து கொள்கின்றனர். ஆண் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே அளவு. பெண் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே அளவு. மலாய் பேசும் மகனுக்கு ஒரு பங்கு, தமிழ் பேசும் மகனுக்கு வேறு பங்கு என்று அல்லாஹ் வைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் வாரிசை மறைத்து விட்டுப் பங்கிட்ட சொத்தில் பிறர் ஹக்கு கலந்திருக்கிறது. அந்தச் சொத்திலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்று, அரஃபாத்தில் ஜாவாக்காரருக்குப் பக்கத்தில் நின்று, முஃமின்கள் யாவரும் சகோதரர்கள் என்று கண்ணீர் விடுவதால் பயனென்ன?

ஹுஜுராத் வசனம் இங்குதான் நம் வாசலில் வந்து நிற்கிறது. உலகத்து மக்களையெல்லாம் அறிந்து கொள்ள நம்மால் இயலாமற் போகலாம். நம் சொந்த இரத்தத்தை அறிந்து கொள்ள மறுப்பதற்கு நாளை அல்லாஹ்வின் சன்னிதியில் என்ன காரணம் சொல்வோம்?

பழைய பெட்டிகளில் கடிதங்கள் இருக்கலாம். ஒரு முகவரி இருக்கலாம். பெரியவர் ஒருவர் வாயிலிருந்து எப்போதோ தவறி விழுந்த ஒரு பெயர் இருக்கலாம். அதைத் தேடி எடுங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் ஆலிமிடம் கேட்டுக் கொடுங்கள். கொடுக்க ஒன்றுமில்லை என்றாலும், ஒரு ஸலாம் கொடுங்கள். மறுமொழி மலாயில் வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடுங்கள். அந்தத் தேடலும் இபாதத்தே.

பரிகாசமின்றிப் பார்க்கும் கண்ணையும், துருவாமல் அறியும் உள்ளத்தையும், அறிந்த பின் நீதி வழங்கும் கையையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.